ரோமானியக் கணக்கில் ஒரு பிறந்தநாள்

அரைகுறையாகப் படித்தவனிடம் அழைப்பிதழ் வேலையை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. படிக்காதவன் காலண்டரைப் பார்த்துத் தேதியை எழுதிவிடுவான். முழுக்கப் படித்தவனும் எழுதிவிடுவான். நடுவில் நிற்கும் என்னைப் போன்ற ஆசாமிதான் ஆராய்ச்சியில் இறங்குவான்.

என் மகள் நஸ்ரின் பிறந்தது பிப்ரவரி 29. பிறந்தநாள் கொண்டாடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனால் வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய ஃப்ரீமான்ட் ஊரின் டேகேரில் இரண்டு வயதிலேயே கேக்கின் ருசியைக் காட்டிவிட்டார்கள். மற்ற வருடங்களில் 28ஆம் தேதி நாங்கள் வாங்கிய கேக்கை அவள் மதித்ததே இல்லை. "தட்ஸ் நாட் மை பர்த்டே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாலு வயதில் வந்த நிஜப் பிறந்தநாளைச் சின்னம்மை கொண்டுபோனது. எட்டு வயதில் வந்ததை, ஆபீஸ் வேலையாகப் பார்சிப்பனி என்ற தூரத்து ஊருக்குப் போய் நான் கெடுத்தேன். ஆகவே 2008 எங்களுக்கு மானப் பிரச்சினை.

அப்போது அவள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் ரோமாபுரி பாடம். கூடப் படிக்கும் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, அவளுக்குத் தெரியாமல் ஒரு ரோமானிய விருந்து வைக்கலாம் என்பது என் மனைவி சபீனாவின் யோசனை. சமையல் அவள் பொறுப்பு, அழைப்பிதழ் என் பொறுப்பு.

நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்து வந்தேன். அங்கே பிடித்தது வினை. ரோமானியர்கள் லீப் நாளை மாதக் கடைசியில் சேர்க்கவில்லையாம். 23ஆம் தேதி எல்லைத் தெய்வத்துக்குத் திருவிழா எடுத்துவிட்டு, மறுநாளை இரண்டு தடவை எண்ணினார்களாம். (நமக்குத் திங்கட்கிழமை இரண்டு தடவை வந்தால் எப்படி இருக்கும்?) அதோடு, தேதியைப் பின்பக்கமாக, வரப்போகும் மாதத்தின் முதல் நாளையும் சேர்த்து எண்ணுவார்களாம். அப்படியானால் மார்ச் 1 ஒன்று, பிப்ரவரி 29 இரண்டு. பொன்னிற எழுத்தில் அடித்துவிட்டேன்: 'மார்ச் முதல் நாளுக்கு முன் இரண்டாம் நாள், மாலை ஐந்து மணி.'

"பேசாம ட்வென்டி நைன்த்னு போடுங்களேன்," என்றாள் சபீனா.

"ரோம் படிக்கிற பசங்க. கண்டுபிடிச்சு என்ஜாய் பண்ணுவாங்க. நீ சமையலைப் பாரு."

(இந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் பட்டது தனிக்கதை.)

எல்லா அம்மாக்களும் போன் பண்ணி, பிள்ளைகள் வருவார்கள் என்றார்கள். என்றைக்கு என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

28ஆம் தேதி வியாழன். ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, மறுநாள் உடுத்தவேண்டிய ரோமானிய ஆடையை மாடியில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு முழ வேட்டி, உள்ளே அரை டிராயர். ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த நஸ்ரின் போய்க் கதவைத் திறந்தாள். படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு ஏழெட்டுப் பேர், கையில் பரிசுப் பெட்டிகளோடு, "சர்ப்ரைஸ்" என்று கத்தினார்கள். பின்னால் இன்னும் இரண்டு வேன்கள் வந்து நின்றன.

மார்ச் ஒன்றிலிருந்து எல்லாரும் ஒழுங்காக இரண்டு நாளைக் கழித்திருக்கிறார்கள். வந்தது 28, அவள் வெறுக்கும் அதே 28.

வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய என்னை நஸ்ரின் பார்த்தாள். "அத்தா, டுடே இஸ் ட்வென்டி எய்த்," என்றாள். குரல் உடைந்திருந்தது. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"பெருநாள்தான் பிறை பாத்து ரெண்டு நாளா வருது. புள்ள பொறந்தநாளையுமா ரெண்டாக்கணும்?" என்றாள் சபீனா. வீட்டில் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள முந்தின நாள் மீன் ஆணம்தான் இருந்தது. ஃப்ரீசரிலிருந்த சமோசா அத்தனையும் எண்ணெயில் இறங்கின.

நான் பாத்ரூம் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். "தப்பு அத்தாவோடதுதாம்மா. பெரிய அறிவாளின்னு காட்டப் பாத்தேன்," என்றேன். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. நாலு வருடத்துக்கு ஒரு தடவை வருவதை மூன்றாவது தடவையும் அவளுக்கு இல்லாமல் செய்துவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். நேராக ஹாலுக்குப் போனாள். எல்லாரும் சாப்பிடலாம், விளையாடலாம், ஆனால் பாடக்கூடாது, இன்றைக்குத் தன் பிறந்தநாள் இல்லை என்று இங்கிலீஷில் அறிவித்தாள். பன்னிரண்டு ரோமானியர்களும் தலையாட்டினார்கள். கிளம்பும்போது ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் மாலை, முப்பது பேர் சாப்பிடக்கூடிய கேக்கின் முன்னால் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிக்குப் போன் அடித்தது. நஸ்ரின் ஸ்பீக்கரில் போட்டாள். ஒருத்தி முழுப் பாட்டையும் பாடினாள். வைத்ததும் அடுத்த போன். ஏழு மணிக்குள் பன்னிரண்டு பேரும் பாடி முடித்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் ஒரு துண்டு வெட்டினாள். ஏழாவது துண்டை எனக்கு ஊட்டினாள், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு புத்தகத்தை நிதானமாகப் புரட்டினேன். முதல் நாளுக்கு முந்தைய தினத்துக்கு ரோமானியர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். 'இரண்டாம் நாள்' என்று எழுதவே மாட்டார்களாம். என் அழைப்பிதழ் ரோமாபுரியிலும் செல்லாது.

மன்னிப்புக் கிடைத்தது, அதிகாரம் திரும்பக் கிடைக்கவில்லை. போன வருடம் நஸ்ரினுக்கு நிக்காஹ் பேசி முடித்தோம். "எந்தத் தேதியில வச்சுக்கலாம், பாய்?" என்று சம்பந்தி போனில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தாயும் மகளும் போனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

"மண்டபம், சாப்பாடு எல்லாம் நஸ்ரின் அத்தாகிட்டயே கேளுங்க," என்றாள் சபீனா. "தேதி மட்டும் எங்ககிட்ட கேளுங்க."