முடிவாச்சு அண்ணாச்சியின் வலது கை

ஆரியசாலைக் கடைத்தெருவில் சாக்கு தைத்தவர்களிலேயே, உலகம் உண்டாவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் எங்கள் முடிவாச்சு அண்ணாச்சி ஒருவர்தான். எங்கள் மிளகாய் மண்டிக்கு எப்போது வந்தீர்கள் என்று யார் கேட்டாலும், "வந்தது முப்பது வருஷம் முன்ன. வரணும்ங்கது வானமும் பூமியும் உண்டாகதுக்கு முன்னாலயே முடிவாச்சு" என்பார். அந்தச் சொல்லே பெயராக நின்றுவிட்டது.

அவருடைய சபையின் நம்பிக்கை அது. யாருக்கு ரட்சிப்பு என்று கடவுள் ஆதியிலேயே குறித்துவிட்டார். மனிதன் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

அப்படிப்பட்டவர் சோம்பேறியாக இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மண்டியின் பூட்டே அவரைப் பார்த்த பிறகுதான் கண் விழிக்கும். மற்றவர்கள் ஒரு தையல் போடும் சாக்குக்கு அவர் இரண்டு தையல் போடுவார். எங்கள் கணக்கர் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர். தினம் ஒருமுறை அண்ணாச்சியைச் சீண்டாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

"ஏன் ஓய், இந்தச் சாக்கு பிரியுமா பிரியாதாங்கறது முன்னாடியே முடிவாச்சோன்னோ? அப்புறம் என்னத்துக்கு ரெண்டாவது தையல்?"

"ரெண்டாவது தையலும் சேத்துத்தான் முடிவாச்சு சாமி."

கணக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார்.

ஆனால் வீட்டில் அண்ணாச்சியின் வாதம் எடுபடாது. அவர் மனைவி கிளாடிஸ் அக்கா வேறு சபை. மனிதன் தானே தீர்மானித்துக் கடவுளிடம் வர வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே ஆட்டோவில் கிளம்பி, இரண்டு சபைகளில் இறங்கி, திரும்பி வந்து ஒரே மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே சண்டையைத் தொடங்குவார்கள். எடை போடும் வேலையில் அண்ணாச்சியோடு சேர்ந்து நின்ற பழக்கத்தில் நானும் பல நாள் அந்தப் பந்தியில் இருந்திருக்கிறேன்.

"கர்த்தர் சோறு விளம்பி வச்சிட்டாரு. அள்ளித் திங்கது நம்ம கையாக்கும்" என்பார் அக்கா.

"பாவத்துல செத்துக் கிடக்கவன் எப்பிடிட்டீ அள்ளுவான்? முதல்ல உயிரு குடுக்கணும்லா? அதை யாரு குடுக்கா?"

"ஆமா, செத்தவரு மூணாவது துண்டு மீனு கேக்காரு. பாத்தியா தம்பி?"

எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. தலை குனிந்து மீனில் முள் எடுப்பேன்.

போன வருஷம் அக்காவுக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்றார்கள். திங்கட்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. அக்காவுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. சனிக்கிழமை சாப்பாட்டின்போது அண்ணாச்சியிடம் சொன்னார்:

"நான் பிழைச்சா பிழைக்கேன். இல்லேன்னா அங்க போயி உங்களைத் தேடணுமா? நாளைக்கு எங்க கூட்டத்துக்கு வாங்க. ஒரே ஒரு தடவை கையைத் தூக்குங்க. நான் நிம்மதியா போயிட்டு வாறேன்."

அவர்கள் கூட்டங்களில் கடைசியில் ஒரு வழக்கம் உண்டு. கடவுளை ஏற்றுக்கொள்ளத் தீர்மானித்தவர்கள் கையை உயர்த்த வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அக்கா கேட்கிறார், அண்ணாச்சி தூக்கியதில்லை. ஒருமுறை கூட்டத்துக்குப் போனபோது இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருந்தாராம். இப்போதும் அதே பதில்தான்.

"கையைத் தூக்கினா என்னை நானே ரட்சிச்ச மாதிரி ஆயிரும். அது அவரு வேலை. அவரு வேலையை நான் பிடுங்கலாமாட்டீ?"

வீம்பு இல்லை அது. தான் ஒன்றுமேயில்லை என்று அவ்வளவு மனசார நம்பியவரை நான் வேறு பார்த்ததில்லை. அக்கா தட்டைக் கழுவப் போனார். அன்று சண்டை நடக்கவில்லை.

ஞாயிறு மாலை அக்காவுக்காகச் சாய்மான நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அண்ணாச்சி வந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்வரிசை.

போதகர் சொன்னார்: "எல்லாரும் கண்ணை மூடுங்க. ஒருத்தர ஒருத்தர் பாக்க வேண்டாம். தீர்மானிச்சவங்க மட்டும் கையை உயர்த்துங்க."

நான் மூடவில்லை. அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சணலை இழுத்து இழுத்துப் பழுதான வலது தோள் அவருக்கு. அந்தக் கையை இடது கையால் தாங்கி, ஈர மூட்டையைத் தூக்குவதுபோல மெல்ல மெல்ல உயர்த்தினார்.

"பாத்தேன் சகோதரா, இறக்கலாம்."

இறக்கவில்லை.

"கர்த்தரும் பாத்துட்டாரு சகோதரா. இறக்கலாம்."

ம்ஹும். எனக்குப் புரிந்துவிட்டது. பார்க்க வேண்டியவர் இன்னும் பார்க்கவில்லை. போதகர் சொன்னபடி அக்கா கண்ணை இறுக மூடியிருந்தார். ஜெபமோ முடிகிற வழியாக இல்லை. மழை, பயிர், முதலமைச்சர் என்று போய்க்கொண்டே இருந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத் தொடங்கியது. நாலு பேர் நடுவில் எழுந்து நின்றறியாத நான் எழுந்து போய், பின்னாலிருந்து அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன்.

ஆமென் சொன்னார்கள். அக்கா கண்ணைத் திறந்து திரும்பினார். பார்த்தார்.

"போதும், இறக்குங்க. தோளு வலிக்கும்லா."

ஆட்டோவில் அண்ணாச்சி கறாராகச் சொன்னார்: "இதனால ஒண்ணும் மாறிராது, பாத்துக்க. எல்லாம் எப்பவோ முடிவாச்சு."

"சரி, சரி" என்றார் அக்கா. சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் அதே சிரிப்போடுதான் ஆபரேஷனுக்குள் போனார். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து மீன்குழம்புக்குப் புளி போதவில்லை என்றார்.

அன்று கூட்டத்தில் என்னை எழுந்து வர வைத்தது யார் என்று அண்ணாச்சியிடம் கேட்கலாம்தான். என்ன பதில் வரும் என்று தெரியும். ஆனாலும், "அதை நீயாத்தான் செஞ்சே தம்பி" என்று அவர் வாயால் ஒருமுறை கேட்க எனக்கு ஆசை.