ஸ்டார்ட்டர் சுற்றியது, பெட்ரோல் வரவில்லை

மச்சினன் வாசலை மிதிப்பதில்லை என்று மில்காரர் தீர்மானம் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குள் முடி போனது, பல் போனது, மாவு மில்லே கைமாறிப் போனது. தீர்மானம் மட்டும் கருக்கு அழியாமல் இருந்தது.

மச்சினன் கார் மெக்கானிக். மில்காரரின் பழைய காரைப் பார்த்துவிட்டு நாலு பேர் முன்னால் சொன்னான்: "அத்தான், இதை வித்துட்டு ஒரு சைக்கிள் வாங்கிக்கங்க. சைக்கிள் நின்னா நீங்களே தள்ளலாம். இதுக்கு ஊரே வரணும்." எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அப்போது தெரிந்த அவள் கடைவாய்ப் பல் இன்னும் அவர் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது அந்த மச்சினன் புது ஒர்க்‌ஷாப் திறக்கிறான். ஞாயிறு பத்து மணிக்கு. ஷட்டரைத் தூக்கித் திறந்து வைக்கப் போவது அக்கா. அதாவது இவர் மனைவி.

"நீங்களும் வரணும்," என்றாள்.

"வண்டி ஓடினா வரேன்."

தைரியமாகத்தான் சொன்னார். அப்போது வண்டி ஓடுகிற நிலையில் இல்லை. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி.

ஓடாத வண்டியைச் சும்மா விட்டிருக்கலாம். முப்பது வருஷம் மோட்டாரோடு மல்லுக்கட்டிய கை சும்மா இருக்குமா? மூன்று வாரம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். பாட்டரி முனையைச் சுரண்டினார். எர்த் வயரை மாற்றினார். ஸ்டார்ட்டரைக் கழற்றி, தேய்ந்த கார்பனை மாற்றி மாட்டினார். மனைவி டார்ச் பிடித்தாள்.

"இன்னும் இடது பக்கம் காட்டு. இது என்ன தெரியுமா?"

"நீங்க சொன்னாத்தானே தெரியும்."

சொன்னார். ஒவ்வொரு வயருக்கும் வம்சாவளி சொன்னார். டாஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் இருந்த கறுப்பு ரிலேயை உருவிக் காட்டினார். பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போவது இது வழியாகத்தான், இது இல்லையென்றால் இன்ஜெக்டரில் சொட்டுப் பெட்ரோல் வராது என்றார். திரும்பச் செருகி, சாவி போட்டதும் பின்னால் பம்பு ஙொய்ங் என்று முனகுவதையும் கேட்க வைத்தார். அவள் கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டார்ட்டர் சுற்றியது. வண்டியும் ஓடியது. துள்ளிக் குதித்தவருக்குப் பாதியில் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

ஸ்டார்ட்டரை மறுபடியும் கெடுக்கலாம்தான். மனசு வரவில்லை. 'அத்தான் போட்ட ஸ்டார்ட்டர் ரெண்டு நாள்ல போச்சு' என்று மச்சினன் சொல்வதற்கா? பழுது வேறு இடத்தில் இருக்க வேண்டும். தன் வேலைக்குக் களங்கம் வராத இடத்தில்.

சனிக்கிழமை அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில் ரிலேயை உருவினார். எங்கே ஒளிப்பது? சட்டைப் பையில் புடைத்தது. அலமாரி அவள் ராஜ்யம். கடைசியில் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, ஜன்னல் விளிம்பில் அதன் வழக்கமான இடத்தில் வைத்தார்.

கண்ணாடிக்குத்தான் இடமில்லாமல் போனது.

ஞாயிறு காலை அவர் உட்காரவே இல்லை. கூடத்துக்கும் ஷெட்டுக்கும் நடையாய் நடந்தார்.

"ஏங்க, பேப்பர் படிக்க மட்டும்தானே கண்ணாடி? நேத்துலேருந்து மூக்கை விட்டு இறங்கலையே."

"கண்ணு கூசுது."

"தூங்கும்போதும் போட்டிருந்தீங்க."

"கனவு மங்கலா வருது."

அவள் புடவை மாற்ற உள்ளே போனாள். இவ்வளவு சுலபமாக விட்டது அவருக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்பது மணிக்குக் கிளம்பி வந்து நின்றாள். அவர் ஏறிச் சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றியது. வண்டி பிடிக்கவில்லை.

"ஸ்டார்ட்டர் எப்படிச் சுத்துது, கேட்டியா?"

"சுத்துது. அது மேலயே ஏறிப் போயிடலாமா?"

"இது இன்ஜெக்‌ஷன் கோளாறு. பெட்ரோல் வரலை. பெரிய வேலை." முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "எனக்கும் வரணும்னு ஆசைதான்."

"சாவி போட்டதும் பின்னாடி ஙொய்ங்னு ஒரு சத்தம் வருமே. இன்னைக்கு வரலையே."

மில்காரர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அதெல்லாம் உனக்குத் தெரியாது."

"எனக்கென்ன தெரியும். தள்ளிப் பாக்கலாமா? நான் உள்ள உக்காந்து சாவியைத் திருப்புறேன். நீங்க போய்ப் பழைய சட்டை போட்டுட்டு வாங்க. நானும் கைப்பையை எடுத்துக்கறேன்."

தள்ளுவதில் என்ன நஷ்டம்? சட்டை மாற்றி, பொத்தானை நிதானமாகப் போட்டுக்கொண்டு வந்தார். அவள் ஸ்டியரிங் முன்னால் தயாராக இருந்தாள். தெருவே பார்க்கட்டும் என்று டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி, முக்கி முனகித் தள்ளினார். வண்டி தெருவுக்கு வந்தது.

அவர் கைக்கு அடியிலேயே ஙொய்ங் என்றது.

அது என்ன சத்தம் என்று புரிவதற்குள் வண்டி உறுமியது, புகையை அவர் முகத்தில் விட்டது, கிளம்பியது. தெருமுனை வரை போய், வளைத்துத் திரும்பி, அவர் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

"நீ எப்ப வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட?"

"ஒன்பது வருஷமா தம்பி வீட்டுக்குத் தனியாத்தானே போறேன். அங்க சும்மா உக்காந்து என்ன பண்றது? ஏறுங்க, நேரமாச்சு."

முன்கதவைத் திறந்தார். இருக்கையில் தம்பிக்கு வாங்கிய சுவர்க் கடிகாரம் உட்கார்ந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினார்.

அவள் கைப்பையைத் திறந்து, திரும்பிப் பார்க்காமலே எதையோ பின்னால் நீட்டினாள்.

"இந்தாங்க, கண்ணாடியைக் கழட்டிக் கூட்டுல வைங்க. இப்ப இடம் இருக்கு."