லைசன் நானாவின் துவக்கு

துவக்கு வைத்திருந்தவர்களிலேயே துவக்குச் சத்தத்துக்கு இத்தனை கோபப்பட்ட மனிதர் நாவுலையிலிருந்து தம்புள்ளை வரை வேறொருவர் இருந்ததில்லை. பயிர்க் காவலுக்கென்று அரசாங்கம் கொடுத்த துப்பாக்கி லைசனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததால், அண்ணனை நானா என்கிற ஊரில் அவர் லைசன் நானா.

வயலில் பன்றி இறங்கினால் உடனே சுடமாட்டார். நாலு திசையும் திரும்பி, "சுடப் போறேன், ஒதுங்குங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் மும்மூன்று தடவை கத்துவார். இரண்டு மொழியும் அறிந்த பன்றிகள் ஒதுங்கிவிடும். பிறகு வரப்பு மண்ணில் ஒரு வெடி. அந்தச் சத்தத்துக்கு இரண்டு நாள் பன்றி எட்டிப் பார்க்காது.

ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை வந்த சந்தோஷத்தில் எவனோ வானத்தைப் பார்த்துச் சுட்டான். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு எழுந்தார் நானா.

"மேல போன ஈயம் அங்கேயே குடியிருக்குமா? வெடி நிக்கிற வரைக்கும் சோறில்ல."

பசியோடு அண்ணாந்து பார்த்த மற்ற ஐவரில் நானும் ஒருவன்.

நான் அப்போது நாவுலையில் புது மாஸ்டர். ஒரு பின்னேரம் அவருடைய வயலுக்குப் பேசப் போயிருந்தேன். நானா தொழுகைக்காக வாய்க்காலில் கைகால் கழுவப் போனார். வெடிமருந்து நிறைத்த துவக்கு காவல் குடிசையில் சாய்ந்திருந்தது. மரத்தில் ஒரு குரங்கு. எனக்குள் வேட்டைக்காரன் ஒருவன் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். குரங்கு பல்லைக் காட்டியது. ரோட்டில் போன பஸ் நின்றது. அதன் கூரையிலிருந்த மூட்டை கிழிந்து கத்தரிக்காய் கொட்டிக்கொண்டிருந்தது.

நானா ஈரக் காலோடு ஓடிவந்தார்.

"கத்தரிக்காய்தானே நானா..."

"அந்த மூட்டைக்கு ஒரு முழம் கீழ ஆளுங்க தல இருந்துச்சு, மாஸ்டர். புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கிற ஆளா நீங்க?"

காலரைப் பிடித்து அதே பஸ்ஸில் என்னைப் பொலிசுக்குக் கொண்டுபோனார். கான்ஸ்டபிள், "யாருக்கும் காயமில்லதானே, போங்க" என்றார்.

"போறதா? சுட்டது இவரு. நெறச்சத வச்சுட்டுப் போனது நான். ரெண்டு பேரையும் எழுதுங்க."

"துவக்க எடுத்துருவாங்க நானா. வயலுக்கு என்ன செய்வீங்க?" என்றார் கான்ஸ்டபிள்.

"பன்னி தின்னட்டும். எழுதுங்க."

எழுதினார்கள். எனக்கு அபராதம், அவருடைய துவக்கு அந்தப் போகம் முழுவதும் பொலிசில். பன்றிகள் செய்தி அறிந்து குடும்பத்தோடு வந்தன.

பொழுது சாயும்போதெல்லாம் நான் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தோடு அவருடைய வயலுக்குப் போய் வரப்பில் நின்று தட்டினேன். மறு கோடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று அவரும் தட்டினார்.

மூன்றாம் நாள் குடிசையில் இரண்டு கோப்பைப் பிளேன்டித் தேநீர் இருந்தது. எனக்கு வைத்ததில் மட்டும் சீனி இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, தகரத்தை இன்னும் பலமாகத் தட்டினேன்.