முறியாத முழ மிட்டாய்

அக்காவின் நிச்சயத்தன்று, பூனாகலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், மாப்பிள்ளை வீட்டார் பாய் நிறைய இருந்தார்கள். கூப்பிடாத பக்கத்துக் காம்பராக்காரர்கள்கூட வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இல்லாதவர் ஒருவர்தான்: பண்டாரவளையில் மிட்டாய்க்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், மிட்டாய் நானா.

வாங்க வந்தவர்களை அவரைப் போல் வதைத்த வியாபாரி ஊவா மாகாணத்திலேயே பிறந்ததில்லை. கித்துள் பனையின் பாணியை இஞ்சியோடு காய்ச்சி, சுவர் முளையில் மாட்டி இழுத்து இழுத்து, அவர் செய்யும் முழ நீள மிட்டாய்க்குப் பதுளையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் ஆள் வரும். ஆனால் அதை எப்படித் தூக்குவது, எங்கே வைப்பது என்று அவர் செய்யும் பிரசங்கத்தை முழுதும் கேட்டால்தான் மிட்டாய் கைக்கு வரும். குதிரையில் உட்கார்ந்தபடியே கேட்ட ஒரு துரையை, "எறங்கி நின்னு கேளுங்க தொர" என்றாராம். துரையும் இறங்கினாராம். நான் பள்ளிக்கூடம் போகிறவன் என்று தெரிந்ததும், சொன்னதையெல்லாம் திருப்பி ஒப்பிக்க வைத்தார். எங்கள் வாத்தியார்கூட என்னை அந்தப் பாடு படுத்தியதில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் முழ மிட்டாய் இல்லாமல் நிச்சயம் கிடையாது. தாம்பூலம் மாற்றியதும் சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறிப்பார்கள். டக்கென்று முறிந்தால் சம்பந்தம் உறுதி. முறியாவிட்டால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது; முறியாமல் இருந்ததே இல்லை.

அன்று காலை, கூடப் போன நான் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கு அவசரம். பாதிப் பிரசங்கத்திலேயே மிட்டாயைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"நில்லுங்க, இன்னும் சொல்லி முடிக்கல்ல!"

"எல்லாம் தெரியும் நானா!"

தூறலில் நனையக் கூடாதென்று கம்பளிக்குள் வயிற்றோடு அணைத்து வந்து, அடுப்புத் திட்டில் பத்திரமாக வைத்தார்.

முறிக்கும் நேரம் வந்தது. இருவரும் பிடித்து இழுத்தார்கள். மிட்டாய் நீண்டது.

"விடாதீங்க சம்மந்தி!"

"நான் எங்கங்க விடுறேன்? அதுதாங்க வருது!"

அப்பா பின்சுவரில் முட்டினார். மாப்பிள்ளையின் அப்பா வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டார். நடுவே மிட்டாய் துணி காயப்போடும் கொடியாகத் தொங்கியது. சிரித்தவர்கள், மாப்பிள்ளையின் அத்தை எழுந்ததும் அடங்கினார்கள்.

"சகுனமே சரியில்ல. இந்தச் சம்மந்தம் வேணாம். எந்திரிங்க எல்லாரும்!"

மூலையில் அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தொப்பியெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க நானா வந்து நின்றார். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

"...அடுப்புப் பக்கம் வைக்கப்படாது!" என்றார். காலையில் விட்ட வாக்கியத்தை முடிக்க மலையேறி வந்திருக்கிறார் மனிதர்.

தொங்கிய மிட்டாயைச் சுருட்டி, உருட்டி, பழையபடி முழமாக்கினார். "இனி இது காத்துல ஆறணும். பொண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு முனையப் புடிச்சிக்கிட்டு வாசல்ல நிக்கட்டும்."

"கல்யாணத்துக்கு முந்தியேவா? நல்லா இருக்கே கத!" என்றாள் அத்தை.

"அப்ப நீங்க புடிங்க. நீங்க இரிக்கிற சூட்டுக்குத் திரும்பப் பாணியாப் போயிரும்."

மாப்பிள்ளை வீட்டாரே சிரித்துவிட்டார்கள். அத்தை உட்கார்ந்தாள்.

கூரை விளிம்பின் கீழே, பனிக்காற்றில், இருவரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். சற்றுப் பொறுத்து நானா போய் மிட்டாயை நகத்தால் தட்டினார். டக் டக் என்றது. சத்தம் வந்தால் ஆறிவிட்டதென்று பொருள். பிரசங்கத்தில் அது எனக்கு மனப்பாடம்.

"இன்னும் ஆகல்ல" என்றார் நானா.

"நானா, சத்தம் வந்து..."

"படிக்கிற புள்ள, வாய மூடு."

மறுபடியும் தட்டினார். மறுபடியும் ஆகவில்லை. அதற்குள் மாப்பிள்ளை என்னவோ சொல்ல, அக்கா குனிந்தபடியே சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான், "இப்ப சரி. மொறிங்க" என்றார். சம்பந்திகள் வாங்கி முறித்தார்கள்; லயம் முழுக்கக் கேட்கும்படி டக்கென்று முறிந்தது.

வந்த கூலி என்று அப்பா நீட்டிய காசை அவர் வாங்கவில்லை. இறங்கும்போதும் மீதிப் பிரசங்கத்தைச் சொல்லிக்கொண்டேதான் போனார்.

இன்றும் அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை வந்தால், ஒருவர் பின் ஒருவராக வாசலுக்குப் போய்க் காற்றில் நின்றுகொள்கிறார்கள். அதற்கெல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு, மிட்டாய் விலை பத்துச் சதக் காசு.