நான் கமலாவாக நடித்த கதை

இது என் வீட்டில் நடந்த கதைதான். ஆனாலும் இதில் பாதி, பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மருங்காபுரியில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக பி.ஏ. படித்தவன் நான். திருச்சியில் குமாஸ்தா. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வீட்டில் மட்டும் கண்டிப்பாகப் பேசுவேன். டைப்ரைட்டிங் வகுப்பில் சேர வேண்டும் என்று என் மனைவி வெள்ளையம்மாள் கல்யாணமானதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் சிரிக்கும் என்று மறுத்துவந்தேன்.

அந்த வருஷம் எங்கள் ஆபீஸ் நாடகத்தை எழுதியவர் ஹெட்கிளார்க் அப்துல் சலாம். ஷரபுன்னிசா அக்காவின் கணவர். ஆபீஸ் நாடகத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தான் போட வேண்டும். கதாநாயகனின் மனைவி கமலா நீதான் என்றார். ஹெட்கிளார்க்கிடம் முடியாது என்று சொல்ல எனக்கு ஏது தைரியம்? வீட்டில் வக்கீல் வேஷம் என்று சொல்லிவைத்தேன். நாடகத்துக்கு ஒரு புடவை வேண்டும் என்றும் கேட்டேன். வக்கீலுக்கு எதற்குப் புடவை என்று கேட்காமல் வெள்ளையம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐப்பசியில், ஸ்ரீரங்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நாடகம். திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கதாநாயகனின் ஒட்டுமீசை கழன்று விழுந்தது. மழை பிடித்துக்கொண்டதும் ஆண்கள் பக்கம் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போய்விட்டது. பெண்கள் பக்கம் மட்டும் அசையவில்லை. முன்வரிசையில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

என் முறை வந்தது.

"ஏங்க, நீங்க படிச்சா ஊர் மெச்சும், நான் படிச்சா சிரிக்குமா? ஊருக்காகவா என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

நாக்கு ஒட்டவில்லை. நடிப்பது போலவும் இல்லை. கதாநாயகன் பதில் வசனத்தை மறந்து நின்றான். பெண்கள் பக்கத்துக் கைதட்டலில் மழைச் சத்தம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "வக்கீல் நல்லா வாதாடினார்," என்றாள் வெள்ளையம்மாள்.

"அது வெறும் வசனம்."

"அப்ப, அத்தனை பொம்பளைங்க முன்னால பொய்யா சொன்னீங்க?"

"பொய்யில்லை..."

"சரி, திங்கக்கிழமையிலேருந்து டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போறேன்."

மறுநாள் ஷரபுன்னிசா அக்கா சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "கமலா வசனம் எங்க வூட்டுக்காரர் எழுதினதா? உங்க சம்சாரம் என்கிட்ட புலம்பினதை நான் அவருகிட்ட ஒப்பிச்சேன் தம்பி. அந்த வேஷத்தை உங்களுக்கே குடுக்கணும்னதும் அவதான்."

ஆபீஸில் தோற்றுப்போன அந்த நாடகத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. வீட்டில் எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். என் வாயால் கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது.

பிறகு, வகுப்பு நடத்தும் ரோசரி டீச்சரிடம் விசாரித்தேன். வெள்ளையம்மாள் ஆடி மாதமே சேர்ந்து, நான் ஆபீஸ் போன பிறகு வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாளாம். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருக்கும் நாள் என்பதால்தான் என் சம்மதம் தேவைப்பட்டிருக்கிறது.