பூஜ்யம் பேர் பார்த்த கோல்

கெட்டில் ஃபோர்க் நகரப் பெருமக்களே! கையிலிருக்கும் சாசேஜைத் தட்டில் வையுங்கள். மடக்கு நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். உங்கள் கண்ணெதிரே நிகழ்ந்த ஒரு மாபெரும் அநீதிக்குச் சாட்சி சொல்ல வாருங்கள். சென்ற சனிக்கிழமை, பட்டப்பகலில், நம் வென்லோ கல்லூரியின் பெண்கள், தொலைக்காட்சி தங்களைப் பார்க்காத நேரத்தில் ஒரு கோல் அடித்துவிட்டார்கள்!

தொலைக்காட்சி பார்க்காதபோது மழை பெய்யலாம், மக்காச்சோளம் விளையலாம். அவை விளம்பரதாரர் தோன்றுவதற்கு முன்பிருந்தே தொடரும் பழைய வழக்கங்கள், மன்னித்துவிடலாம். ஆனால் கோல் அடிக்கலாமா? ஒளிபரப்பப்படாத வெற்றியை வெற்றி என்று ஒப்புக்கொண்டால், நாளை ஒளிபரப்பப்படாத மனிதர்களும் தங்களை மனிதர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கமாட்டார்களா?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் பெயர் வெர்ன் ஹாட்லி. பதவி, ஆரஞ்சுக் கையுறை. நம் ஊர்க் கவசக் கால்பந்தில் (அதில் காலுக்கும் பந்துக்கும் அதிக உறவு கிடையாது) தொலைக்காட்சிக்கு விளம்பரம் போடத் தோன்றும்போதெல்லாம், முழங்கை வரை நீளும் ஆரஞ்சுக் கையுறை அணிந்து, மார்பின்மீது கைகளைக் கட்டிக்கொண்டு, மைதானத்துக்குள் நடந்துபோய் நிற்பவன் நானே. நான் நிற்கும்வரை ஆட்டம் நிற்கும். கவசம் பூண்ட இருபத்திரண்டு பூதங்களும், அரங்கம் நிறைந்த மக்களும், பாண்டு வாத்தியக் குழுவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் காதிலுள்ள கருவி “போ” என்றதும் நான் வெளியேறுவேன். காலம் மீண்டும் ஓடும். பதினேழு ஆண்டுகளில் ஒருமுறைகூட, அது சொல்லாமல் நான் நகர்ந்ததில்லை. ஒருமுறை ஆலங்கட்டி மழை பெய்தது. அப்போதும் நகரவில்லை.

இத்தகைய மகத்தான அமைப்பு பெண்கள் ஹாக்கியை நெடுங்காலம் கண்டுகொள்ளாதிருந்தது உண்மைதான். அதற்குத் தக்க காரணம் உண்டு. ஆகஸ்டில் நடந்த ‘ஒளிபரப்பு வாய்ப்புகள் ஆலோசனைக் கூட்ட’த்தில், ஹாக்கிப் பயிற்சியாளர் ரூத் பிக்கெட் எழுந்து முறையற்ற கேள்வி ஒன்றைக் கேட்டார். விளையாட்டுத் துறை இயக்குநர் கிளிஃபர்ட் ஸ்டால் பொறுமையோடு பதிலளித்தார்.

“எங்க மேட்ச மட்டும் ஏன் காட்டமாட்டேங்கறீங்க?”

“யாரும் பாக்கறதில்லையே, கோச்.”

“காட்டினாத்தானே பாப்பாங்க?”

“பாத்தாத்தானே காட்டுவோம்?”

“அப்ப கால்பந்து?”

“அத எல்லாரும் பாக்கறாங்க.”

“ஏன் பாக்கறாங்க?”

“நாங்கதான் காட்டறோமே!”

கூட்டம் கைதட்டியது. தர்க்கம் ஏகமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் பதிவாயிற்று.

எனினும் இயக்குநர் கல்நெஞ்சர் அல்லர். பருவத்தின் கடைசி ஆட்டத்தை மட்டும் ஒளிபரப்பச் சம்மதித்தார். அதில் வென்றால் பெண்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள், அணி நீடிக்கும். தோற்றாலோ, ஆட்டம் முடியாமல் போனாலோ, அணி ‘உருமாற்றம்’ பெறும். உருமாறி என்ன ஆகும் என்று ரூத் கேட்டார். வண்டி நிறுத்துமிடம் ஆகும் என்றார் இயக்குநர். ஏற்கெனவே கால்பந்து நாள்களில் பகல் பன்னிரண்டு மணிக்குமேல் ஹாக்கி மைதானம் கல்லூரிப் புரவலர்களின் வண்டிகளுக்குத்தான். அந்த நல்வழக்கம் நிரந்தரமாகும், அவ்வளவே.

தொலைக்காட்சி நிலையமும் தன் பங்குக்குப் பரிவு காட்டியது. ஒளிபரப்பு வண்டியிலிருந்து இயக்கும் கர்ட் என்பவர், முதல்நாளே வந்து அணித்தலைவி மேரன் ஓஸ்டர்ஹவுஸைப் பார்த்து அறிவுரை வழங்கினார்.

“வாயில ஏதோ ரப்பர் மாட்டறீங்களே, அத எடுத்துட்டா சிரிச்சா நல்லா தெரியும்.”

“எடுத்துட்டா பல்லு தெரியாது, கர்ட். கீழ கிடக்கும்.”

“அப்ப கண்ணால சிரிங்க” என்றார் கர்ட்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எதிரணி, மலையடிவாரத்து ஆஷ்பி கல்லூரி. பார்க்க வந்தவர்கள் தொண்ணூறு பேர், பெரும்பாலும் பெற்றோர். கால் பகுதிக்கு ஒருமுறை நான் உள்ளே போய் நின்றேன். ஹாக்கி அதுவரை இடைவிடாமல் ஓடும் ஆட்டம் என்பதால் பெண்கள் முதலில் என்னை வழி தவறி வந்தவன் என்று எண்ணி, பேருந்து நிலையத்துக்கு வழி சொன்னார்கள். விளம்பரம் கொடுக்கத்தான் யாரும் முன்வரவில்லை. அதனால் என்ன? விளம்பரம் இல்லாவிட்டாலும் விளம்பர இடைவேளை உண்டு, ஒப்பந்தம் அப்படி. நேயர்கள் இரண்டரை நிமிடம் நீலத் திரையைக் கண்டு களித்தார்கள்.

கடைசிக் கால் பகுதியில் நான்கு நிமிடம் மிச்சமிருக்கையில், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ஆஷ்பியின் தடுப்பாட்டக்காரி கோலுக்குள் போகவிருந்த பந்தைக் காலால் தடுத்தாள். நடுவர் டோரிஸ் லுபின்ஸ்கி பெனால்ட்டி அடி வழங்கினார். மேரன் பந்தை வைத்தாள். கோல்காப்பாளர் குனிந்து நின்றாள். தொண்ணூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நொடியில் என் காதில் கர்ட்டின் குரல் வந்தது: “வெர்ன், உள்ள போ.”

போனேன். பந்துக்கும் கோலுக்கும் நடுவே நின்று கைகளைக் கட்டிக்கொண்டேன்.

பின்னர் என் காதில் ஒரு குரலும் வரவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு மணிக்குத் தொடங்கவிருந்த கால்பந்து ஆட்டத்துக்காக, நம் கால்பந்து வீரர்கள் பேருந்தை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்குவது எத்தகைய கலை என்பது உங்களுக்கே தெரியும். கேமராக்கள் அனைத்தும் அங்கே திரும்பின. முதல் வீரர் இறங்கினார். இரண்டாம் வீரரும் இறங்கினார். மூன்றாமவர் வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டே இறங்கியதை மறுபடியும் மெதுவாகக் காட்டி, இரண்டு நிபுணர்கள் கருத்துரைத்தார்கள். கர்ட்டுக்கு என் நினைவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. உரிப்பு அவ்வளவு நேர்த்தி.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று போயிற்று. மேரன் மட்டையை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“வெர்ன், கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்.”

“உத்தரவு வரணும்மா.”

“டிவில நாங்க இப்ப இல்லவே இல்ல. எங்கம்மா போன் பண்ணிட்டாங்க. யாரோ பழம் திங்கறானாம்.”

“இருக்கலாம். எனக்கு ‘போ’ன்னு சொல்லல.”

“நான் சொல்றேன். போங்க.”

“அது காதுல வரணும்.”

அவள் என் காதருகே குனிந்து, “போ” என்றாள். கருவி இல்லாத காது அது. செல்லாது என்று விளக்கினேன்.

நடுவர் லுபின்ஸ்கியிடம் முறையிட்டார்கள். ஒப்பந்தத்தின் நகலை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். “கையுறை மைதானத்துல நிக்கற வரைக்கும் நான் விசில் ஊதக் கூடாதுன்னு போட்டிருக்கு. எனக்கு மட்டும் ஆசையா? காலைல இருந்து சாப்பிடல.”

பன்னிரண்டு மணி அடித்தது. அப்போதுதான், பெருமக்களே, நீங்கள் வந்தீர்கள். வரிசை வரிசையாக உங்கள் பிக்கப் வண்டிகள் ஹாக்கி மைதானத்துக்குள் நுழைந்தன. பின்கதவுகள் இறங்கின, அடுப்புகள் ஏறின, சாசேஜ் வாசனை எழுந்தது. மேரன் மட்டும் பந்தின்மேல் மட்டையைக் குறுக்கே வைத்து, அசையாமல் நின்றாள். கோல்காப்பாளர் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். யாரோ அதில் துண்டு காயப்போட வந்துவிட்டார்கள்.

“ஏ பொண்ணே, இங்கதான் என் வண்டிய விடணும். பதினஞ்சு வருஷமா என் இடம்” என்றார் ஒரு புரவலர்.

“விடுங்க. பந்து மேல மட்டும் ஏத்தாதீங்க. இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கு” என்றாள் மேரன்.

“என்ன அடி?”

அவள் சொன்னாள். அவர் அடுப்பிலிருந்த கிடுக்கியைக் கையில் பிடித்தபடியே திரும்பிக் கத்தினார்: “டேய், வண்டியெல்லாம் ஒதுக்குங்கடா! கோல் அடிக்கப் போறாங்க!”

வண்டிகள் ஒதுங்கின. மூவாயிரம் பேர் எழுந்து நின்றீர்கள். ஒதுங்காதவன் ஒருவனே. ஒதுங்கும்படி மேரன் மறுபடி மறுபடி கேட்டாள்; நான் மறுபடி மறுபடி காதைத் தொட்டுக் காட்டினேன்.

கடைசியில் ஆஷ்பி அணித்தலைவி முன்னால் வந்தாள். ஆட்டம் முடியாமல் போனால் ஆஷ்பிதான் தேசியப் போட்டிக்குப் போகும். அவளுக்கு அது தெரியும். “மேரன், அந்தப் பக்கம் பிடி. தோத்தா ஆடித் தோக்கறோம். இந்தாள் நின்னதால ஜெயிச்சோம்னு ஊர்ல போய்ச் சொல்ல முடியாது” என்றாள்.

இரண்டு அணிகளிலிருந்தும் நான்கு நான்கு பெண்கள். கட்டிய கைகளை நான் அவிழ்க்காமலே, அலமாரியைத் தூக்குவதுபோல் தூக்கிச் சென்று, அந்தப் புரவலரின் வண்டியின் பின்தட்டில், மக்காச்சோளத்துக்கும் கடுகுச் சாற்றுக்கும் நடுவே நிறுத்தினார்கள். நடுவர் ஒப்பந்தத்தை மீண்டும் படித்தார். என் காலைப் பார்த்தார்.

“மைதானத்துல நிக்கலையே. வண்டிலதான நிக்கறாரு” என்று சொல்லி விசில் ஊதினார்.

மேரன் அடித்தாள். பந்து கோல்காப்பாளரின் கைக்கு எட்டாத மூலையில் பாய்ந்து வலையைத் தூக்கியது. மிச்ச நான்கு நிமிடத்தை வண்டிகளுக்கிடையே ஆடி முடித்தார்கள். இரண்டுக்கு ஒன்று. நீங்கள் எழுப்பிய ஆரவாரத்தில் பேருந்தருகே வாழைப்பழ வீரர் திடுக்கிட்டுத் தோலைக் கீழே போட்டார், அதுவும் ஒளிபரப்பாயிற்று.

திங்களன்று இயக்குநர் என்னை அழைத்தார். மேசையில் அறிக்கை இருந்தது: பழம் உரித்தல், ஆறு லட்சம் நேயர். ஹாக்கி கடைசி நான்கு நிமிடம், பூஜ்யம்.

“ஒருத்தர்கூட பாக்கல, வெர்ன்.”

“மூவாயிரம் பேர் கத்தினாங்களே, சார்?”

“அவங்க நேர்ல பாத்தாங்க. அது பாத்ததா ஆகாது.” ஒரு படிவத்தை நகர்த்தினார். அதில் ஒரே கேள்வி. கோல் அடிக்கப்பட்டபோது கையுறை மைதானத்தில் இருந்ததா? “வண்டி மைதானத்துல இருந்துச்சு. நீ வண்டில இருந்த. அப்ப நீ எங்க இருந்த?”

‘இருந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆகவே கோல் செல்லாது, ஆட்டம் முடியவில்லை, அணி உருமாறும். எவ்வளவு தூய்மையான நீதி!

வெளியே வராந்தாவில் மேரன் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“ரெண்டு அடி, வெர்ன். தள்ளி நின்னிருந்தா போதும்.”

“யாரும் சொல்லலையேம்மா.”

“நாங்க சொன்னோம். பதினோரு தடவ சொன்னோம்.”

பெருமக்களே, பதினேழு ஆண்டுகளாக என் காதில் விழும் குரலே குரல் என்றிருந்தேன். எதிரே நின்று பதினோரு முறை பேசிய பெண்ணின் குரல் எனக்கு இரைச்சலாக இருந்தது. அநீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று அழைத்தேனே, அந்த அநீதிக்கு வேறெங்கும் ஆள் தேடவேண்டாம். ஆரஞ்சுக் கையுறை மாட்டிக்கொண்டு நான் நின்றுகொண்டிருக்கிறேன். என்னருகில் நீங்களும் நிற்கிறீர்கள். கண்ணால் பார்த்தீர்கள், தொண்டை கிழியக் கத்தினீர்கள், பின்பு கால்பந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டீர்கள். அந்த அறிக்கையிலுள்ள பூஜ்யம் யார் தெரியுமா? நீங்கள்தான்.

பூஜ்யங்களே! வருகிற செவ்வாய், காலை பத்து மணிக்குக் கல்லூரி மன்றத்தில் ரூத் பிக்கெட்டின் மேல்முறையீடு. மூவாயிரம் பேரும் வாருங்கள். பார்த்தோம் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள். எண்ணி முடிக்க ஒரு வாரம் ஆனாலும் எண்ணட்டும். மன்ற வாசலில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். “போ” என்று காதில் வரும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது உத்தரவு. அது வராது. நானாக நகரும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. காத்திருக்காதீர்கள், தூக்கி ஓரமாக வையுங்கள்.

எட்டுப் பேர் போதும்.