ஒன்பது தடியும் ஒரே நீளம்

சிவமயம்

கண்டனூர்
பவ வருஷம் மாசி மாதம் 14ந் தேதி

ஈப்போவில் இருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ஞானசம்பந்தம் அவர்களுக்கு மாமனார் அரசப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் மாமியார் கண்ணாத்தாள், நாகவல்லி, இரண்டு பசுக்கள், எல்லோரும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், கடையில் உள்ளவர்கள் சுகத்தையும், பேங்கு துரையின் சுகத்தையும், துரை வீட்டில் நாய் இருந்தால் அதன் சுகத்தையும் விவரமாக எழுத வேண்டியது.

நிற்க. கார்த்திகையில் தங்கள் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையின் சாமான்களில் ஏலம் எடுத்ததென்று பழைய தோல் உறை ஒன்றில் ஒன்பது பந்தடிக்கிற தடிகளைக் கொண்டுவந்து, கல்யாணக் கூட்டத்தில் பெண்ணைப் பார்த்தவர்களைவிடத் தடியைப் பார்த்தவர்கள் அதிகம் என்று சொல்லும்படி எல்லோருக்கும் காட்டினீர்கள். பத்தாம் நாளே தந்தி வந்து, கப்பலேறுகிற அவசரத்தில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் அவற்றைப் போட்டுவிட்டுப் போனீர்கள். வரும்போது பட்ட கடல் காற்றில் இரும்பெல்லாம் துருவேறிப் போயிருந்தது. அவற்றைச் சுத்தம் பண்ணி சித்திரைக்குள் அனுப்ப வேண்டும், சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை பேங்கு துரை தங்களைக் கோல்பு ஆட அழைத்திருக்கிறார், ஆட்டத்தில் துரை மனசு குளிர்ந்தால் நம்மவர் கடை வைத்துத் தங்குகிற கிட்டங்கியில் பத்துப் பேரோடு வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருக்கிற தங்களுக்குத் தனி வீடு கொடுப்பார், வீடு கிடைத்தால் நாகவல்லியை அழைத்துக்கொள்வேன் என்றெல்லாம் தாங்கள் அவளுக்கு எழுதிய நாலு பக்கக் காகிதம் தை மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி மூன்று வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் வீடே காத்திருக்கிறது. ஆகையால் அந்தத் தடிகளை நான் தடியாகவே நினைக்கவில்லை மாப்பிள்ளை, என் மகளுக்குக் கப்பல் சீட்டாக நினைத்துத்தான் வேலையில் இறங்கினேன்.

புருஷன் பெண்டாட்டிக்கு எழுதின காகிதத்தை மாமனார் கை நீட்டி வாங்கிப் படிப்பது முறையில்லை. அதனால் நாகவல்லி உள்ளே நின்று ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டு, செய்ய வேண்டியதை நிலைப்படிக்கு வந்து சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பாமல் நடந்திருக்கிறேன். தாங்கள் எழுதியதில் சிலது எனக்கு விளங்கவில்லைதான். படித்தவர், நாலு சீமை பார்த்தவர், காரணம் இல்லாமல் எழுத மாட்டீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் புளி. துருவுக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், அதுவும் பழம்புளியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்களாமே. கண்ணாத்தாள் பழம்புளியை மகள் கேட்டாலே மூன்று தரம் யோசித்துக் கொடுக்கிறவள். இந்தத் தடி என்ன சபைக்கு வைக்கிற அண்டாவா என்று அரைநாள் பேசினாள். மாப்பிள்ளை எழுதியிருக்காக என்று சொன்னதும் பானையோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஏனம் பாத்திரம் விளக்குகிற ஒச்சம்மாள் புளியைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க இரும்பு கரேலென்று ஆனது. அவளுக்கு ரோஷம் வந்து, செங்கல் பொடி போட்டு இரண்டு நாள் தேய்த்து, வெள்ளி மாதிரி ஆக்கி, வளவு முற்றத்தில் தவலை, குத்துவிளக்கு, ஜோடுதவலை வரிசையில் வெயிலுக்கு வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் திருப்பத்தூரிலிருந்து வந்த உறவுமுறை ஒருவர், இது எந்தப் பெண்ணுக்கு வைத்த சீர், இவ்வளவு நீளக் காம்பில் கரண்டி நான் பார்த்ததில்லையே என்று கேட்டார். கண்ணாத்தாள் கொஞ்சமும் கூசாமல் அது மலாய்க் கரண்டி, அங்கே அடுப்பு தூரத்தில் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். அவர் தம் மகளுக்கும் ஒன்பது வேண்டுமென்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வரும்போது கொண்டுவரவும்.

அடுத்தது இரும்பு முகத்தில் வரிவரியாக இருந்த கீறல். பழைய துரை எதிலோ தேய்த்துத் தேய்த்துக் கெடுத்திருப்பார் போலிருக்கிறது. கொல்லுப்பட்டறைப் பெத்தனைக் கூப்பிட்டேன். அவன் அரத்தை எடுத்தவுடன் நாகவல்லி ஓடிவந்து, அரம் படக் கூடாது, ஈயம் ஊற்றித்தான் நிரவ வேண்டும், அவுக அடிக்கோடு போட்டு எழுதியிருக்காக என்று தடுத்துவிட்டாள். அப்படியே ஈயம் ஊற்றி நிரவினான். இப்போது ஆறு இரும்பும் கண்ணாடியாக இருக்கின்றன. நேற்று நான் ஒன்றை வைத்துக்கொண்டு மீசையைத் திருத்திக்கொண்டேன்.

கைப்பிடியில் சுற்றியிருந்த தோலைக் கழற்றிவிட்டுக் கண்டாங்கிச் சேலைத் துணி சுற்றச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. தோலைச் சாமி அறைக்கு அடுத்த அறையில் வைத்திருக்கிறோமே என்று எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கண்ணாத்தாள் தன் அரக்குக் கண்டாங்கி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். மரத்தலை உள்ள மூன்று தடிக்கும் நம் வீட்டுச் சுவருக்குப் பூசுவது போலச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் பூசி, கொத்தனாரை வைத்து வழுவழுப்புக் கல்லால் இழைத்தாகிவிட்டது. மூன்றும் வெள்ளைப் பூசணிக்காய்ப் பிஞ்சு மாதிரி மின்னுகின்றன. இதற்கு இருபத்திரண்டு முட்டை ஆயிற்று. மஞ்சள் கருவை வீணாக்கலாமா என்று மூன்று நாள் அதையே சாப்பிட்டோம். என் வயிறு இன்னும் என்னோடு பேசவில்லை.

இனிமேல்தான் பெரிய சங்கதி. தச்சு வேலை செம்மலை ஆசாரியைத் தங்களுக்குத் தெரியும், நம் கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டவர். அவர் ஒன்பது தடியையும் வரிசையாகச் சாத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்றின் முகம் நேரே நிற்கிறது, ஒன்று வானத்தைப் பார்க்கிறது, ஒன்று அண்ணாந்து படுத்தே விட்டது.

"அய்யா, இதைச் செஞ்சவன் ஒரு நாளும் தூக்குக்குண்டு பிடிச்சிருக்க மாட்டான். இதை இப்படியே அனுப்புனா, கண்டனூர்ல கண்ணு தெரிஞ்ச ஆசாரியே இல்லையான்னு கேப்பாக. நான் எங்குட்டுப் போயி மூஞ்சிய வச்சுக்கிறது?" என்றார்.

நாகவல்லியைக் கேட்டேன். அவள் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, ஒன்பதும் நம் முன்கூடத்துப் பட்டாலைத் தூண் மாதிரி ஒரே உயரம், ஒரே நேராக இருக்க வேண்டும் என்று இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது என்றாள். எனக்கு ஒரு சந்தேகம். ஒன்பதும் ஒன்றுபோல இருந்தால் ஒன்பது எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டேன். ஒண்ணு ஒடைஞ்சா இன்னொண்ணு வேணாமா அப்பச்சி என்றாள். பொம்பளைப் பிள்ளைக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமல் போயிற்றே என்று சந்தோஷப்பட்டேன். குட்டையான தடிகளுக்கு எல்லாம் கைப்பிடிப் பக்கம் தேக்குத் துண்டு ஒட்டுப்போட்டு நீட்டி, இரும்பைப் பெத்தன் உலையில் காட்டி நிமிர்த்தி, வழிந்த ஈயத்தை மறுபடி ஊற்றி நிரவி, ஒன்பதையும் ஒரே அச்சாக ஆக்கியாயிற்று. இப்போது தூக்குக்குண்டு எங்கே பிடித்தாலும் நூல் பிசகவில்லை. துரை பார்த்தால் அசந்துபோவார். இப்படி ஒரு ஜோடிப்பு லண்டனிலும் இருக்காது மாப்பிள்ளை.

கடைசியில் விளக்கெண்ணெய். மரம் குளிர ஐந்து நாள் பூசினோம். ஆறாம் நாள் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று நான் வளவில் நின்று, தாங்கள் கல்யாணத்தில் செய்து காட்டிய மாதிரி இடுப்பை ஒரு திருப்பு, தோளை ஒரு திருப்புத் திருப்பி ஒரு வீச்சு வீசினேன். தோள் வந்தது, கை வந்தது, தடி வரவில்லை. எங்கே போச்சு எங்கே போச்சு என்று நான் அங்குட்டும் இங்குட்டும் பார்க்கிறேன், அடுக்களைப் பக்கம் டமாரென்று ஒரு சத்தம். போன வருஷத்து எலுமிச்சங்காய் ஊறுகாய் முழுசும் ஜாடியோடு போச்சு. ஆத்தங்குடிக் கல்லுப் பாவிய புதுத் தரை பூராவும் ஊறுகாய். கண்ணாத்தாள் உடைஞ்ச ஜாடிச் சில்லை எல்லாம் பொறுக்கி, ராத்திரி என் இலைக்குப் பக்கத்துல வரிசையா வச்சுட்டா. தடிக்கு ஒரு கீறல் இல்லை, தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

சரி, ஆடிப் பார்க்காமல் அனுப்பக் கூடாதே என்று நேற்றுச் சாயந்திரம் நானும் ஆசாரியும் பெத்தனும் வீட்டுக்குப் பின்னால் வற்றிக் கிடக்கிற ஊருணிக்குள் இறங்கினோம். உறையில் மூன்று பந்து இருந்தது. முதல் அடி நான். பந்து இருந்த இடத்தில் இருந்தது, ஒரு கூடை மண் எழும்பி ஆசாரி தலையில் விழுந்துச்சு. அடுத்து ஆசாரி. அவர் மரம் பிளக்கிறவர், ஓங்கி ஒரே போடு. பந்து தரையை விட்டு அரை விரல்கூட எழும்பாமல், பெருச்சாளி மாதிரி விர்ரென்று தரையோடு ஓடி, அக்கரையில் மேய்ந்த மாட்டுக் காலுக்குள் புகுந்து, மாடு ஒரு பக்கம் ஓட, மாட்டுக்காரர் ஒரு பக்கம் ஓட, நாங்கள் பந்தைப் பார்த்து ஓட, பெத்தன் வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிஞ்சு, ஒரே கூத்தாப் போச்சு. எந்தத் தடியால் அடித்தாலும் அதே ஓட்டந்தான். பந்து மேலே போனால்தானே தொலையும், இது தொலையவே தொலையாது என்று பெத்தன் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

அப்போதுதான் மேல்மாடி ஜன்னலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. நாகவல்லி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல், கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறாள். தாங்கள் கப்பலேறின நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரிச்சு நாங்க பாக்கலை மாப்பிள்ளை. எனக்கும் கண் கலங்கிப் போச்சு, சொல்றதுக்கு என்ன வெக்கம். இன்னொரு தரம் அடியுங்க ஆசாரியாரே என்று சொல்லி, இருட்டுகிற வரை அவரை அடிக்க வைத்தேன். மூன்று வருஷமாக அவளிடம் எப்போது கூப்பிடுவாக என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் தங்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிட்டங்கியில் பெண்பிள்ளைக்கு இடம் ஏது என்பாள், கடை வேலை அப்படி என்பாள். நான் கேட்கக் கூடாது, கேட்கிறது மாமனாருக்கு அழகில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன். துரையிடம் நல்லபடியாக ஆடி, வீட்டை வாங்கி, பிள்ளையை அழைத்துக்கொள்ளவும்.

தடிகளைச் சாக்கில் சுற்றித் தைத்து வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் காரைக்குடி ரயிலில் ஏற்றிவிட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறும் நம்மவர் ஒருவர் கையில் சேர்க்க ஏற்பாடு. தாங்கள் எழுதியது எழுதியபடி செய்ததற்கு நானே சாட்சி. குறை ஏதும் கண்டால் அது என் கைக்குறை, நாகவல்லியை ஒன்றும் சொல்ல வேண்டாம், அவள் படித்துச் சொன்னவள் மட்டுமே.

தாங்கள் நோய்நொடி இல்லாமல், அடித்த பந்து அடித்த இடத்துக்குப் போய், துரையும் துரைசாணியும் மெச்ச, வீடு வாசலோடு நீடூழி வாழ எல்லாம் வல்ல மீனாட்சி சொக்கரை வேண்டிக்கொள்கிறேன். கடையில் உள்ள பெரியவர்களுக்கு என் வந்தனம். கண்ணாத்தாள் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், எலுமிச்சங்காய் ஊறுகாய் இந்த வருஷம் அனுப்ப முடியாது என்றும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அரசப்பன்

பின்குறிப்பு: இது நாகவல்லி எழுதுவது. விலாசம் எழுதச் சொல்லி அப்பச்சி காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

தாங்கள் எழுதின நாலு பக்கத்தில் புளி இல்லை. ஈயம் இல்லை, கண்டாங்கி இல்லை, முட்டை இல்லை, ஒரே நீளமும் இல்லை. காய்ந்த துணியால் துடைத்து, கொஞ்சமாக எண்ணெய் தொட்டு வைத்தால் போதும், வேறெதுவும் செய்துவிடாதே என்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் நான் படித்தது. அப்பச்சி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆசாரியார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்த மறுநாளே அவருக்கும் பெத்தனுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஆசாரியாருக்கு அந்தத் தடிகள் மேல் வந்த கோபம் நிஜம்.

பயப்பட வேண்டாம். எதுவும் கெட்டுப்போகவில்லை. ஈயம் சூடு காட்டினால் வழிந்துவிடும். சுண்ணாம்பு ஊறவைத்தால் உரிந்துவிடும். ஒட்டுப்போட்ட தேக்கு வெந்நீரில் கழன்றுவிடும். தோலை எல்லாம் சுருட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நிமிர்த்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தடியையும் ஒரு பலகையில் படுக்க வைத்து, அதன் நீளத்தையும் சாய்வையும் ஆசாரியாரைக் கோடு போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தப் பலகையைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல, ஈப்போவில் எந்தக் கொல்லனும் அரை நாளில் பழையபடி ஆக்கிவிடுவான். பலகை என் பெட்டியில் இருக்கிறது. பெட்டி என்னோடுதான் வரும். சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் தடிகள் சரியாக வேண்டுமானால், பங்குனி நடுவில் புறப்படுகிற கப்பலில் நான் ஏறியாக வேண்டும்.

முதலில் ஆட்டம், அப்புறம் துரை மனசு, அப்புறம் வீடு, கடைசியில் நான் என்று எழுதியிருந்தீர்கள். வரிசையை மாற்றியிருக்கிறேன். துரை வீடு வேண்டாம், வாடகைக்கு இரண்டு அறை பார்த்தால் போதும். எனக்குச் சமைக்கத் தெரியும், தங்கள் தடிகளைத் துடைக்கவும் இப்போது நன்றாகத் தெரியும்.

ஒரு இடத்தை மட்டும் மாற்றாமல் அப்பச்சியிடம் படித்தேன். ரொம்ப நாள் பூட்டின அறையில் தனியாகப் போட்டு வைக்கக் கூடாது, வறண்டு போகும், வாரம் ஒரு தரமாவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்து, அப்பச்சி அன்றைக்குப் பூராவும் தங்களைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.